சத்தம் போட்டுப் பார்க்கிறவள்

அக்கா என் முன்னால் முதன்முதலாக அலறியது தேனியில், பெரியகுளம் ரோட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். புது வீடு. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. புரோக்கர் ஹாலில் நின்றுகொண்டு, தண்ணீர் எப்போதும் வரும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, அக்கம்பக்கம் எல்லாம் ஆபீசர் குடும்பங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. நேராக அடுப்படிக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். அடுத்த நொடி உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஐயோ... கொல்றானே... யாராச்சும் வாங்களேன்..."

புரோக்கர் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அக்கா சமையல் மேடையில் சாய்ந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"வெளிய போயிப் பாரு. யாராச்சும் வந்தாகளா?"

போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டு கேட்டுக்குள் ஒரு நாய் மட்டும் எழுந்து நின்றது.

"நாய்தான்க்கா எந்திரிச்சிருக்கு."

"அப்ப வேணாம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வீடு ஒரு மாடியில் இருந்தது. அங்கேயும் அதே போல அடுப்படி, அதே அலறல். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கத்திய அடுத்த நிமிடம் அந்த டிவியின் சத்தம் கூடியது.

"கேட்டுச்சு பாத்தியா? கேட்டுத்தான் கூட்டி வச்சிருக்கான். இது அந்த நாயவிட மோசம்," என்றாள் அக்கா.

மூன்றாவது, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு. ஐந்து வீடுகள், வரிசையாக, ஒரே முற்றம். சுவர்களில் ஈரம் ஏறியிருந்தது. கக்கூஸ் பொது. புரோக்கருக்கே காட்டக் கூச்சமாக இருந்தது. அக்கா கத்தி முடிப்பதற்குள் ஒரு பெண் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். பின்னாலேயே தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு இன்னொருத்தி. அப்புறம் வீட்டுக்காரம்மா. "என்னாச்சு? யாரு? எவன் அவன்?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஒண்ணுமில்லக்கா. வீடு பாக்க வந்தேன்."

பிறகு என் காதில் சொன்னாள்: "இங்கன ரெண்டு வீடு காலியா இருக்காம். நீ ஒண்ணு எடுத்துக்கத்தா, நான் ஒண்ணு. மூணு வீட்டுலயும் மொத ஆளா ஓடி வந்தது நீதான். பக்கத்துல நீ இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. நாங்கள் இருவரும் போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் வேலை செய்தோம். நான் பில் போடுகிற கம்ப்யூட்டரின் முன்னால். அக்கா காய் பொறுக்குகிற பெண்களோடு தரையில். மலையிலிருந்து வருகிற காயை முறத்தில் பரப்பி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்தது என்று தனித்தனியாக ஒதுக்க வேண்டும். மற்ற பெண்களின் விரல்கள் கோழி கொத்துவது போல வேகமாக ஓடும். அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அவை நீட்டியபடியே நிற்க, மிச்ச மூன்று விரல்களால் மற்றவர்களுக்குச் சமமாகப் பொறுக்குவாள்.

அந்த விரல்களைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லுவாள். சாப்பாட்டு நேரத்தில், தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போல.

"அனுமந்தன்பட்டிக்கு அங்கிட்டு, தென்னந்தோப்புக்குள்ள ஒத்த வீடு. காத்துன்னா காத்து. வாடகையே இல்ல, தோப்பப் பாத்துக்கிட்டாப் போதும்னாக. நானும் ஆசப்பட்டுத்தான் போனேன். எம்புருசன் ஜீப்பு ஜாக்கிக் கம்பிய எடுத்துக்கிட்டு வந்தான். நான் தொண்ட கிழியக் கத்துறேன். கெணத்து மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. கம்பி கையில விழுறப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த மோட்டார நிறுத்த ஒரு ஆளு இல்லையேன்னுதான்."

அவள் புருசன், மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டினான். நான் அவனைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை. ஜீப்பில் ஏறும் பெண்களிடம், "பாத்து ஏறுங்க, வழுக்கும்," என்று சொல்வான்.

தோப்பு வீட்டுக்குப் பிறகு அக்கா சின்னமனூரில் ஒரு தெருவுக்குப் போனாள். நெருக்கமான தெரு. ஆனால் அது முழுக்க அவனுடைய சொந்தக்காரர்கள். "அங்கன கத்துனா ஆளு வராம இல்ல. வந்தாக. வந்து வாசல்ல நின்னு, 'மூஞ்சில அடிக்காதடா, நாளைக்கு விசேசத்துக்குப் போகணும்'னு சொன்னாக," என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சுற்றியிருக்கிற பெண்களும் சிரிப்பார்கள். நான் டிபன் டப்பாவை மூடிவிடுவேன்.

ஆகையால் குடோனில் யார் வீடு மாற்றினாலும் அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். புதிதாகக் கல்யாணமாகிப் போகிற பெண்களுக்கு அவளே வலியப் போய்ச் சொல்லுவாள். கதவு தெருவைப் பார்த்து இருக்கிறதா? அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் யார்? எதிர்வீட்டுப் பெண் பகலில் வீட்டில் இருப்பாளா, வேலைக்குப் போய்விடுவாளா? தண்ணீரைப் பற்றியோ, கரன்ட்டைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

புருசனிடமிருந்து ஒரு பையோடு வெளியேறி, தேனிக் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, முதல் வாரத்திலேயே அக்கா எல்லா வீட்டுக்கும் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். இரண்டாவது வாரத்தில் காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லோர் பெயரும் அவளுக்குத் தெரியும். யார் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் முதலில் போய் நிற்பது அவள்தான். ஒருமுறை கடைசி வீட்டு நர்ஸம்மா எலியைப் பார்த்துவிட்டு அலறினாள். நான் எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்கா, வந்த வேகத்தில் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஐந்து விரலும் பதிந்தது.

"அங்கன ஒருத்தி உசுரு போகுது, ஒனக்குச் செருப்பு கேக்குதா?"

"எலிதானேக்கா..."

"எலின்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த தெருவில் ஒரு டெய்லர் தன் பெண்டாட்டியை அடிப்பான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஆரம்பிப்பான். எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் அக்காவும் நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாக வந்துகொண்டிருந்தோம். உள்ளே அந்தப் பெண் கத்துவது கேட்டது. அக்கா கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். அவன் பெண்டாட்டியின் முடியைச் சுருட்டிப் பிடித்திருந்தான். அக்கா அடுப்படியிலிருந்த குக்கரை மூடியோடு தூக்கி, ஒரு வார்த்தை பேசாமல், அவன் மூக்கில் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு முறை ஓங்கினாள். அந்தப் பெண்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"எம்புருசன அடிக்க நீ யாருடி? வெளிய போடி!"

அக்கா குக்கரை அடுப்பில் திரும்ப வைத்தாள். வெளியே வந்து என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்கள வையிறாளேக்கா," என்றேன்.

"வஞ்சா வஞ்சிட்டுப் போறா. தான் கத்துனது நாலு பேத்துக்குக் கேட்டுச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

அன்றைக்கு அக்காவின் முகத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அடித்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நல்ல பசிக்குப் பிறகு சாப்பிட்டவர்களின் முகம் போல இருந்தது.

அக்காவின் புருசன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்கு வீட்டுக்காரம்மா குடும்பமும் இன்னொரு குடும்பமும் வேனில் போயிருந்தார்கள். நர்ஸம்மா டியூட்டிக்குப் போய்விட்டாள். காம்பவுண்டில் அக்காவும் நானும் மட்டும். அதை அவன் தெரிந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும். போடி பஸ்ஸின் பின்னாலேயே பல நாள் வந்து வீட்டைக் கண்டுபிடித்தான் என்று பிறகு சொன்னார்கள்.

நான் கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஜீப் வந்து நிற்பது கேட்டது. பக்கத்து வீட்டில் ஒரு தட்டு விழுந்தது. அதன் பின் அக்காவின் குரல். வீடு பார்க்கப் போன இடங்களில் கத்துகிற குரலே இல்லை அது. "யாராச்சும் வாங்க" என்றும் அவள் கத்தவில்லை.

"ஆத்தா... ஏ ஆத்தா... இங்க வாயேன்..."

என்னைத்தான் கூப்பிட்டாள்.

எழுந்தேன். கதவுவரைக்கும் போனேன். கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கில் அவன் முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை. அக்காவை முடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்திருந்தான். கையில் அந்த ஜாக்கிக் கம்பி. அவன் தலையைத் திருப்பினான். என்னைப் பார்த்தானா என்று தெரியாது. என் கை மேலே போனது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

நான்தான் தள்ளினேன். வேறு யாரும் இல்லை அங்கே.

கையில் போன் இருந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நனைந்த போர்வையைக் கல்லில் அடிப்பது போலச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு முறை என்னைக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை, வார்த்தையாக இல்லாமல் வெறும் சத்தமாக வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

தெருமுனையில் ஒருவர் வண்டி போட்டுத் துணி தேய்த்துக் கொடுப்பார். வயதானவர், ஒரு கால் சாய்த்து நடப்பார். எங்களோடு அதிகம் பேசியதில்லை. அவர்தான் வந்தார் என்று பிறகு தெரிந்தது. கரி நிறைந்த தேய்ப்புப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தார். அதை அப்படியே அவன் பிடரியில் வைத்து அழுத்தினார். அவன் போட்ட அலறல் கதவைத் தாண்டி என் நெஞ்சில் இடித்தது. சட்டை கருகிய வாடை, அதன் பின்னால் வேறு ஒரு வாடை. ஜீப் கிளம்பி, காம்பவுண்டுச் சுவரில் மோதி உரசிக்கொண்டு போவது கேட்டது.

அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அக்கா முற்றத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு காதில் தோடு இல்லை. தோடு இருந்த இடமும் இல்லை. தாடை ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது, வாய் மூடவில்லை. தேய்ப்புக்காரர் யார் வீட்டுத் துணியோ, ஒரு வெள்ளை வேட்டியைக் கிழித்து அவள் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

"உள்ளயா இருந்த?" வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது.

"ஆமாக்கா."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேடிக்க பாத்துக்கிட்டு நிக்காதத்தா, ஓடிப்போயி ஆட்டோவக் கூட்டியா," என்றார் தேய்ப்புக்காரர். ஓடினேன். செருப்பில்லாமல்தான் ஓடினேன்.

தாடையில் கம்பி வைத்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டினார்கள். அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் வந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். கஞ்சியையும் ஜூஸையும் ஸ்ட்ரா வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள், "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தினாள். நிறுத்திக்கொண்டேன். பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

சென்னையில் ஒரு மசாலா கம்பெனியில் பொறுக்க ஆள் வேண்டும் என்று குடோன் முதலாளி சொன்னார். அக்கா உடனே தலையாட்டினாள். "மெட்ராஸ்ல அவனுக்கு வழி தெரியாது," என்றாள், கட்டிய பல்லின் இடுக்கில். நான் போனில் வீடுகளைத் தேடிக் காட்டினேன். மெட்ரோ பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், கேட் போட்ட குடியிருப்பு, இருபது இடத்தில் கேமரா. அக்கா கேமராப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது பாக்கும். எந்திரிச்சு வராது."

தேனியிலிருந்து ரயிலேறி இருவரும் போனோம். மூன்று நாள் வீடு பார்த்தோம். அக்காவால் வாயைத் திறக்க முடியாது. அதனால் முதல் வீட்டில் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு, என்னை உள்ளே வரும்படி கை காட்டினாள்.

"நீ கத்து," என்றாள்.

கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடியும் கத்தினேன். தலையை ஆட்டி இன்னும் என்றாள். மூன்றாவது முறை கத்தியபோது தொண்டையில் ரத்தம் வந்தது போல இருந்தது. நான் நிறுத்தாமல் கத்தினேன், அழுதுகொண்டே கத்தினேன். புரோக்கர் எங்களைப் பிடித்து வெளியே தள்ளினார். இன்னொரு இடத்தில் ஒரு வாட்ச்மேன் மாடி ஏறி வந்தார். அக்கா அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "அந்த மனுசன் லீவு போட்டா?" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை வடசென்னையில் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். நான் "ஐயோ" என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். சந்தே உள்ளே வந்துவிட்டது. மீன் செதில் ஒட்டிய கையோடு வந்த ஒரு தடித்த பெண், எதிரே நின்ற புரோக்கர்தான் காரணம் என்று நினைத்து, "இன்னாடா பண்ண அந்தப் பொண்ண?" என்று பளாரென்று அறைந்தாள். அவர் கண்ணாடி பறந்தது. இன்னொருத்தி துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அவர் முதுகில் போட்டாள். நான் நடுவில் புகுந்து விளக்குவதற்குள் அவருக்கு உதடு கிழிந்துவிட்டது.

அக்கா சுவரில் சாய்ந்து, கட்டிய பல்லோடு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டும் சிரித்தாள். அந்த வீட்டையே எடுத்தாள். அறைந்த பெண்தான் வீட்டுக்காரி.

அவளை அங்கே விட்டுவிட்டு நான் தேனிக்குத் திரும்பினேன். ஒன்றரை வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கை நீட்டுவாரா?"

"அப்படித் தெரியலக்கா."

"தெரிஞ்சு கட்டிக்கிட்டவ யாரு? வா, வீடு பாப்போம்."

போனேன். அக்கா மெலிந்திருந்தாள். குரல் திரும்பியிருந்தது, தாடை மட்டும் கொஞ்சம் கோணல். எனக்காக மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள்.

"மேல் வீடு அடுத்த மாசம் காலியாவுது. ஊர்ல இருந்து ஒரு பொண்ணு வருதுன்னியே, அன்னிக்கு வந்து கத்துச்சே, இதானா? குடுத்துடலாமா?"

எனக்கு மனசு துள்ளியது. அக்காவுக்குத் தலைக்கு மேலே, ஒரு படிக்கட்டு தூரத்தில் இருக்கலாம். வாயைத் திறக்கப் போனேன்.

"அவளுக்கு இல்லக்கா," என்றாள் அக்கா, என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டே. "அவளுக்கு வேற எடம் பாத்துட்டேன்."

சாப்பிட்டு முடித்ததும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். நல்ல வீடு. வெளிச்சமாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா அக்காவைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணா?" என்று சிரித்தாள். அக்கா ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை வந்து போயிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இங்கன இரு. இங்கன ஆளுக வருவாக. நான் பாத்துட்டேன்."

"அக்கா, நான் அங்கயே... ஒங்க பக்கத்துலயே இருக்கேனே."

அக்கா என் கையைப் பிடித்தாள். மடங்காத இரண்டு விரல்களும் என் மணிக்கட்டில் நீட்டியபடி கிடந்தன. அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வேணாம்த்தா. எம்பக்கத்து வீட்டுல எனக்கு வேற மாதிரி ஆளு வேணும்."

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். என் கணவர் கை நீட்டுகிறவர் இல்லை. அக்கா வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் கூப்பிடுவாள், போவேன். வயிறு முட்டச் சாப்பாடு போடுவாள். என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சுவாள். சாயங்காலம் ஆனதும், "கெளம்புத்தா, பஸ் கூட்டமாயிரும்," என்று பையை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாள். அக்காவுக்கு மேல் வீட்டில் இப்போது தேய்ப்புக்காரர் குடியிருக்கிறார். அக்காதான் தேனியிலிருந்து அவரைக் கூட்டி வந்து வைத்திருக்கிறாள்.